ஒழுகும் இடம் வேறு, தண்ணீர் இறங்கும் இடம் வேறு: மொட்டை மாடியைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

படுக்கையறைக் கூரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஓதம். கொத்தனார் மாடியேறி, அதற்கு நேர் மேலே நாலு ஓட்டைப் பெயர்த்துப் புது ஓடு பதித்துத் தருகிறார். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே ஓதம், இந்த முறை தாம்பாளம் அகலத்துக்கு. கொத்தனாரின் வேலையில் குறையில்லை. அவர் பெயர்த்த இடத்தில் தண்ணீர் இறங்கவே இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் முப்பது நாற்பது வருடத்து வீடுகளின் மாடி பெரும்பாலும் மூன்று அடுக்கு. அடியில் நாலரை, ஐந்து அங்குலக் காங்கிரீட். அதன்மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம், சராசரியாக மூன்று அங்குலம். கொத்தனார்கள் இதைச் சுருக்கி என்பார்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் 20 மி.மீ. ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள். அதற்கும் மேலே தட்டோடு. இப்போது கட்டும் வீடுகளில் அடிக்க ஆள் கிடைக்காததால் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்தோ, நேரடியாகக் கலவை போட்டு வெள்ளை ஓடு பதித்தோ முடித்துவிடுகிறார்கள்.

நடு அடுக்கில் இருக்கும் செங்கல் ஜல்லி ஒரு பஞ்சு. கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு விரல் நீள விரிசல் இருந்தால் போதும், அதன் வழியே இறங்கும் தண்ணீர் ஜல்லியில் ஊறி, காங்கிரீட்டின் மேற்பரப்பில் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடி, பத்தடி தள்ளி ஒரு துளை கிடைக்கும் இடத்தில் சொட்டும். அந்தத் துளை பல வீடுகளில் ஃபேன் கொக்கியாக இருக்கும். காங்கிரீட்டுக்குள் புதைத்த ஒயரிங் பைப் தண்ணீருக்கு நல்ல வாய்க்கால். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் சொட்டுவதற்குக் காரணம் அந்தப் பஞ்சு வடிந்து முடியவில்லை என்பதுதான். ஃபேன் அல்லது லைட் பாயின்டில் தண்ணீர் தெரிந்தால் முதல் வேலை மின்பெட்டியில் அந்தச் சுற்றை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குவது. ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

ஆகவே மாடியைச் சோதிக்கும்போது ஓதத்துக்கு நேர் மேலே நின்று தரையை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஓரங்களைப் பாருங்கள்: சுவர் சேரும் இடம், குழாய் நுழையும் இடம், எதையாவது ஊன்றிய இடம்.

முதலில், இது மாடித் தண்ணீர்தானா?

கூரையில் தெரியும் ஓதம் எல்லாம் மழைத் தண்ணீர் இல்லை. ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுக் கோடு. மழை பெய்த சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அது மாடி. சித்திரை வெயிலிலும் கோட்டைத் தாண்டினால் அது மேல்நிலைத் தொட்டி, தொட்டியிலிருந்து வரும் குழாய், அல்லது மேல்மாடிக் குளியலறை. தொட்டிதான் என்று சந்தேகம் வந்தால், இரவு எல்லா வால்வையும் மூடிவிட்டு நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள்.

நிறமும் சேதி சொல்லும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பல காலமாக மெதுவாகக் கசிகிறது, சுண்ணாம்பு கரைந்து வருகிறது என்று பொருள். பழுப்பு நிறத்தில் நேர்கோடாக, அரையடி இடைவெளியில் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இதைத் தள்ளிப் போடக்கூடாது. சுவரின் அடிப்பகுதி மூன்றடிக்குள் மட்டும் ஓதம் அடித்தால் அது தரையிலிருந்து ஏறுவது, மாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜன்னலுக்கு மேலே மட்டும் ஈரமென்றால் சன்ஷேடின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பத்து வருடமாக யாரும் ஏறிப் பார்க்காத அந்த இரண்டடிப் பலகையில் மண் சேர்ந்து, அருகம்புல் முளைத்து, சுவரோடு சேரும் இடம் விரிந்திருக்கும்.

மாடியில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கையில் வேண்டியவை: ஒரு சிறு சுத்தியல், பழைய ஸ்க்ரூ டிரைவர், கம்பி பிரஷ், சாக்பீஸ், ஒரு வாளி தண்ணீர், துடைப்பம். சரிவு பார்க்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) இருந்தால் நல்லது. பாசி படிந்த மாடியில் ஈரத்தோடு நடக்கவேண்டாம். இடிமின்னல் நேரத்தில் ஏறவே வேண்டாம். ஹெட்ரூம் எனப்படும் மாடிப்படி அறையின் உச்சியிலும் தொட்டி மேடையிலும் ஏறுவதானால் ஏணியைப் பிடிக்க இன்னொருவர் இருக்கவேண்டும்.

தொடங்கவேண்டிய இடம் மழைநீர் இறங்கும் வாய். ஒழுகும் மாடிகளில் இங்கே குறை இல்லாதது அபூர்வம். வாயின் மட்டம் சுற்றியுள்ள தளத்தைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்ந்து இருக்கவேண்டும். பல வீடுகளில் ஓடு பதித்தபோது கலவை ஏறி, வாய் மேடாகிவிட்டிருக்கும். குழாயைச் சுற்றியுள்ள கலவையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் அதுதான் நுழைவாயில். பி.வி.சி.யும் சிமெண்டும் ஒட்டாது. வெயிலில் ஒன்று நீளும் அளவுக்கு மற்றது நீளாது. ஐந்தாறு கோடை போனால் இடையில் நூலளவு இடைவெளி விழும்.

குழாய் எத்தனை, எவ்வளவு அகலம் என்று எண்ணுங்கள். மணிக்கு 100 மி.மீ. கொட்டும் மழையில் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர், அதாவது 430 சதுர அடி மாடியின் தண்ணீரைத்தான் இறக்கும். 1000 சதுர அடி மாடிக்கு இரண்டே இரண்டு குழாய் என்றால் இழுபறி. 3 அங்குலக் குழாய் இரண்டு என்றால் கண்டிப்பாகத் தேங்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. அப்படிப்பட்ட நாளில் வாயில் ஒரு பாலிதீன் பை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: அரையடி தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரவிதி எடுத்துக்கொள்ளும் சுமையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால்தான் கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து மூன்று நாலு அங்குல உயரத்தில், வெளிப்பக்கம் நீட்டிய ஓர் உபரித் தூம்பு வேண்டும் என்பது. அடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் அதன் வழியே தெருவில் கொட்டும், உங்களுக்கும் சேதி தெரியும்.

வாய்க்குத் தட்டையான ஜல்லடை போடாதீர்கள். இரண்டு வேப்ப இலை படிந்தால் மூடிக்கொள்ளும். குமிழ் வடிவில் மேலே எழும்பி நிற்கும் மூடி, பக்கவாட்டிலும் தண்ணீர் இழுக்கும். தீபாவளி வருவதே மழைக்காலத்தில். மாடியில் வெடித்த சரத்தின் காகிதம் முழுக்க அடுத்த மழையில் வாய்க்குத்தான் போகும். மறுநாள் காலை பெருக்கி அள்ளிவிடுங்கள், கழுவித் தள்ளாதீர்கள்.

அடுத்தது வாட்டம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் இருந்தால் நல்லது, ஓர் அங்குலத்துக்குக் குறையவே கூடாது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடியேறி, தேங்கியிருக்கும் இடங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குத் தேங்கினால் பரவாயில்லை. விரல் கணு மூழ்கினால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்து வாட்டம் திருத்தவேண்டும். மழையில்லாத நாளில் வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கலாம். கண்ணளவு போதாத இடத்தில் டியூப் லெவல்.

கைப்பிடிச் சுவரை மூன்று இடத்தில் பார்க்கவேண்டும். உச்சி, உட்பக்கப் பூச்சு, அடி. உச்சியில் விரிசல் இருந்தால் தண்ணீர் செங்கல் வழியே இறங்கி அடியில் வெளிவரும். பார்ப்பவர்கள் அடியில் மட்டும் பூசிவிட்டுப் போவார்கள். உச்சியின் சரிவு மாடிப் பக்கம் இருக்கவேண்டும், தெருப் பக்கம் இருந்தால் வெளிச்சுவரில் கரும்பாசி வழியும். உட்பக்கப் பூச்சைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நலம். பொத்துப் பொத்தென்றால் உள்ளே பிரிந்திருக்கிறது. அடியில், தளமும் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. காங்கிரீட் வெயிலுக்கு நீளும். முப்பதடித் தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3 மி.மீ. அளவுக்கு நீள முயலும், மாலையில் சுருங்கும். செங்கல் சுவர் அந்த அளவுக்கு நகராது. அந்த இழுபறி விழும் இடம்தான் மூலை.

அரசும் ஆலும் முளைக்கும் இடமும் இதுதான். தண்டை ஒடித்தால் வேர் இன்னும் தடித்து வரும். சுற்றிலும் கலவையைக் கொத்தி, வேரை நுனிவரை இழுத்தெடுத்து, குழியை அடைக்கவேண்டும். சிலர் கல்லுப்பைக் கொட்டுவார்கள். செடி சாகலாம், ஆனால் அந்த உப்பு கம்பிக்கு இறங்கினால் வீட்டுக்கு வேறு நோய் வரும்.

பிறகு ஓட்டுச் சந்துகள். கம்பி பிரஷால் ஒரு தேய் தேய்த்தால் மண்ணாக உதிரும் சந்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடுகளைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கும் ஓட்டில் சாக்பீஸ் பெருக்கல் குறி. நூற்றில் பத்துப் பதினைந்து என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

கடைசியாக, மாடியில் ஊன்றியவை: டிஷ் ஆன்டெனா, கொடிக்கம்பம், தொட்டி மேடை, ஏ.சி. வெளிப்பெட்டி, இப்போது சோலார். வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு சோலார் பலகைகள் பெருகிவிட்டன. தளத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கும் ஆளை அனுமதிக்காதீர்கள். காங்கிரீட் பீடம் வார்த்து, அதில் கால்களை நிறுத்தச் சொல்லுங்கள். காற்றுக்குப் பலகை எழும்பாத அளவுக்குப் பீடத்தின் எடையைக் கணக்கிடுவது நிறுவுபவர் பொறுப்பு. பீடங்கள் தண்ணீர் ஓடும் பாதையை மறிக்கக்கூடாது. ஏற்கெனவே போல்ட் போட்டிருந்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை) வைத்து, வருடம் ஒருமுறை பாருங்கள். பூந்தொட்டிகளைச் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ வையுங்கள். ஒரே இடத்தில் ஈரமும் வேரும் சேர்ந்தால் ஓட்டுச் சந்து தாங்காது.

தண்ணீர் கட்டிச் சோதிப்பது

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு இதுதான் முடிவான சோதனை. வாய்களைத் துணி சுற்றிய மணல் மூட்டையாலோ மூடியாலோ அடைத்து, மாடியைக் களிமண் வரப்பால் இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியில் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் கட்டுங்கள். 48 மணி நேரம். முதல் நாள் ஓடும் கலவையும் உறிஞ்சும்; அந்த நாள் இறக்கத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம். இரண்டாம் நாள் தொடக்கத்தில் மட்டத்தைக் குறியுங்கள்.

வெயிலில் ஆவியாவது எவ்வளவு, கசிவது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அகல வாய்ப் பிளாஸ்டிக் டப் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு கல் போட்டு, பாத்தியின் நடுவிலேயே வையுங்கள். டப்பின் உள்மட்டம், வெளிமட்டம் இரண்டையும் குறியுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. வெளிமட்டம் கூடுதலாக இறங்கினால் அந்த வித்தியாசம் உங்கள் கூரைக்குள் போகிறது.

கைப்பிடிச் சுவருக்கும் ஹெட்ரூம் சுவருக்கும் தண்ணீர் கட்ட முடியாது. அங்கே ஹோஸ் பிடியுங்கள். அடியிலிருந்து தொடங்கி, ஓர் இடத்துக்கு இருபது முப்பது நிமிடம், பிறகு ஓரடி மேலே. உச்சியிலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

கம்பி வெளியே தெரியும் கூரைக்கும், மரக்கட்டைகள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸுக்கும் இந்தச் சோதனை கூடாது.

சரிசெய்யும் வரிசை

வேலைக்கு ஏற்ற காலம் தை கடைசி முதல் பங்குனி வரை. வைகாசி வரையும் செய்யலாம், ஆனால் வெயில் கடுமை. புரட்டாசியில் ஆள் தேடினால் ஆளும் கிடைக்காது, தளமும் காயாது. மழைக்காலத்தில் குறித்து வைத்த சாக்பீஸ் கோடுகளும் படங்களும் தை மாதத்தில்தான் பயன்படும்.

வாயும் வாட்டமும் முதலில். தேங்கும் தண்ணீரை வெளியேற்றாமல் மேலே எந்த மருந்தைத் தடவினாலும் அது தள்ளுபடி விலையில் வாங்கிய தள்ளிப்போடல்தான். வாயைச் சுற்றி ஓரடிக்கு ஓரடி கொத்தி எடுத்து, குழாயின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பாலிமர் திரவம் சேர்த்த 1:3 கலவையால் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு) தட்டு போலக் குழிவாக அமையுங்கள். காய்ந்த பின் குழாயும் கலவையும் சேரும் வட்டத்தில் சீலன்ட்.

அடுத்து மூலை. விரிசலை அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு உளியால் திறந்து, தூசியை ஊதி எடுத்து, சீலன்ட் அல்லது பாலிமர் கலவையால் நிரப்புங்கள். அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் முக்கோணமாகக் கலவை வைத்து, மூலையை உருட்டி விடுங்கள். கூர்மூலையில் பூச்சு மெலிந்து கிழியும், உருண்ட மூலையில் கிழியாது. பின்னால் அடிக்கப்போகும் பூச்சு சுவரில் ஓரடி உயரம் ஏறவேண்டும்.

நடுத்தளத்து விரிசல் உயிருள்ளதா செத்ததா என்று தெரிந்துகொண்டு அடைக்கவேண்டும். இரண்டு நுனியிலும் பென்சில் குறி, தேதி. குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை ஒன்று. ஒரு மாதத்தில் பட்டை வெடித்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அதற்கு நெகிழும் சீலன்ட்தான். சிமெண்ட் வைத்து அடைத்தால் பக்கத்தில் புது விரிசல் பிறக்கும்.

ஓட்டுச் சந்துகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, கழுவி, ஈரம் இருக்கும்போதே சலித்த பூச்சு மணலில் 1:3 கலவை அழுத்துங்கள். வாட்டர் ப்ரூஃபிங் திரவம் 50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி. என்பது பல டப்பாக்களில் காணும் அளவு. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். கூட ஊற்றினால் கூடக் காக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது, கலவை வலுவிழக்கும். ஏழு நாள் தண்ணீர் விடவேண்டும். சிமெண்ட் பாலை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளி, ‘சந்து எல்லாம் மூடிடுச்சு சார்’ என்று சொல்வது பார்க்க அழகாக இருக்கும். ஒரு கோடை தாங்காது.

பூச்சு: வாளிக் கணக்கு

தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே அடிக்கும் வெள்ளைப் பூச்சு இறுதி உடை, எலும்பு கிடையாது. மேலே சொன்ன வேலைகள் முடிந்த பிறகே இது.

எல்லோரும் கேட்கும் கேள்வி எந்தக் கம்பெனி என்பது. கேட்கவேண்டிய கேள்வி எத்தனை லிட்டர். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அதில் 20 லிட்டர் வாளி ஒன்றைப் பரப்பினால் ஈரத்தில் கிடைக்கும் கனம் 0.2 மி.மீ. சற்றே மேல், தண்ணீர் காய்ந்தால் அதில் பாதிதான் மிஞ்சும். விரிசல் மேல் பாலம் போல நீண்டு நிற்கவேண்டிய படலம் அஞ்சலட்டைக் கனத்தைவிடவும் மெலிந்தால் எப்படித் தாங்கும்? டப்பாவில் ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும். அது ஒரு கோட்டுக்கா, அதாவது ஒருமுறை அடிப்பதற்கா, எல்லாக் கோட்டும் சேர்த்தா என்று படித்து, உங்கள் மாடிக்கு எத்தனை வாளி என்று நீங்களே கணக்குப் போட்டு வாங்குங்கள். காலி வாளிகளை வேலை முடியும்வரை அங்கேயே வைக்கச் சொல்லி எண்ணுங்கள். தண்ணீர் கலப்பது முதல் கோட்டுக்கு மட்டும், டப்பாவில் உள்ள அளவுக்கு மட்டும்.

பாசியை நீக்க, பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்து, நன்றாக அலசுங்கள். ஆசிட் வேண்டாம். அது சுண்ணாம்பையும் சிமெண்டையும் தின்னும். ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கார்த்திகை அகல் வைத்த இடங்களில் எண்ணெய்க் கறை இருக்கும். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறையைச் சுரண்டியே எடுக்கவேண்டும், எண்ணெய் மேல் பூச்சு ஒட்டாது.

தளம் காய்ந்துவிட்டதா என்பதற்கு ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, மாலையில் வைத்துக் காலையில் பாருங்கள். குறைந்தது 16 மணி நேரம். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் வெயிலில் ஆவி கிளம்பி அப்பளம் போலக் கொப்புளிக்கும்.

நேரம் காலை ஒன்பது மணிக்குள், அல்லது நாலு மணிக்கு மேல். முதல் கோட்டு நீர்த்தது. மூலைகள், வாய், விரிசல் மேல் கண்ணாடி இழை வலையை இரண்டாம் கோட்டின் ஈரத்தில் பதித்து, அடுத்த கோட்டால் மூடுங்கள். ஒரு கோட்டு கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக. இடையே நாலிலிருந்து ஆறு மணி நேரம். அக்ரிலிக் பூச்சு நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் இடத்தில் மெத்தென்று ஊறி உரியும்; அங்கே பாலியூரித்தேன் பூச்சு பரவாயில்லை, விலைதான் கூடுதல். மூன்று முதல் ஐந்து வருடத்தில் மறுபடி அடிக்கவேண்டியிருக்கும்.

2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடித் தண்ணீர் பல வீடுகளில் கிணற்றுக்கோ சம்புக்கோ போகிறது. புதுப் பூச்சு அடித்த பின் முதல் இரண்டு மழையை வெளியே திருப்பி விடுங்கள்.

கீழே காரை விழுந்தால்

சீலிங் பூச்சு உப்பினால் கீழே கட்டில் போடாதீர்கள். தட்டி விழவைத்து, கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த விரிவுதான் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகம். அதன்மேல் பூசி வெள்ளையடித்தால் துரு உள்ளே வேலையைத் தொடரும். கம்பியைச் சுற்றிலும் முழுதாக வெளியே தெரியும்வரை கொத்தி, பளபளக்கும்வரை பிரஷ் போட்டு, துத்தநாக ப்ரைமர் தடவி, பிடிமானப் பூச்சு அடித்து, அது காயுமுன் பாலிமர் கலவையை அரை அங்குலக் கனத்தில் அடுக்கடுக்காக ஏற்றவேண்டும்.

இது கையகலத்துக்கு. கம்பி மெலிந்து கூர்த்திருந்தாலோ, வரிசையாகப் பல கம்பிகள் தெரிந்தாலோ, பீமில் விரிசல் இருந்தாலோ, தளம் நடுவில் தொங்கினாலோ கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. பழைய ஓட்டின்மேலேயே புது ஓடு பதிக்கும் யோசனையையும் அவரிடம் கேட்டுவிடுங்கள். ஒன்றரை அங்குலக் கலவையும் ஓடும் சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. 1000 சதுர அடி மாடிக்கு 7 டன். அந்தக் கனம் யார் தலைமேல் என்று யோசித்தால் பழையதைப் பெயர்த்துப் போடும் கூலி பெரிதாகத் தெரியாது.

தேக்கு விட்டத்தின்மேல் செங்கலைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் வைத்தியமே வேறு. விட்டம் சுவரில் அமரும் நுனியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், கரையானும் உளுப்பும் அங்கேதான் தொடங்கும். மேலே ஒட்டு வேலை சுண்ணாம்புக் கலவையில் நடக்கட்டும். சிமெண்ட் இறுகி, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பூட்டிவிடும், மரம் அழுகும்.

வேலை ஒப்பந்தக்காரரிடம் போனால், சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எத்தனை அடி மூலை உருட்டல், எத்தனை வாய் திருத்தம், எத்தனை ஓடு மாற்றம், எத்தனை வாளிப் பூச்சு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். பூச்சு முழுதாக இறுகிய ஒரு வாரத்துக்குப் பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிக் காட்டவேண்டும் என்பதையும் அதில் சேர்த்து, கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.